வேங்கைக்குப் போன வேந்தன் பெயர்

ஷேர்கான் யார் என்று, ஆங்கிலப் பள்ளியிலே படிக்கும் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். புலி என்று சொல்லும். நொண்டிப் புலி, பொல்லாத புலி, காட்டிலே ஓநாய்களிடம் வளரும் மனிதக் குழந்தையைக் கொன்று தின்னத் துடிக்கும் புலி என்று சொல்லும். ருட்யார்டு கிப்ளிங் என்ற ஆங்கில எழுத்தாளர் 1894ல் வெளியிட்ட 'ஜங்கிள் புக்' என்ற கதை நூலிலே உலவும் புலி அது. 1967லும் பிறகு 2016லும் அமெரிக்கப் படக் கம்பெனி அந்தப் புலியைத் திரையிலே உலவவிட்டது. உலகெங்கும் பிள்ளைகள் பார்த்தார்கள், பயந்தார்கள், கடைசியிலே அது தோற்றபோது கைதட்டினார்கள்.

அதே பிள்ளையிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். ஷேர்கான் என்ற பெயரோடு களம் பல கண்டு, மொகலாய மன்னனையே நாட்டைவிட்டு ஓட்டி, தில்லியிலே அரியணை ஏறிய ஆப்கானிய வேந்தன் ஒருவன் இருந்தானே, அவனைத் தெரியுமா என்று கேளுங்கள். பிள்ளை விழிக்கும். வரலாற்றுப் பாடத்திலே ஷேர்ஷா என்று ஒரு பக்கம் படித்தது நினைவுக்கு வரலாம். சாலையோரம் மரம் நட்டவர்கள் பட்டியலிலே, அசோகருக்கு அடுத்தபடியாக அவன் பெயரை எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியது நினைவுக்கு வரலாம். அதற்கு மேல் ஒன்றும் வராது.

கதாசிரியர் அந்த வேந்தனை மனத்திலே வைத்துக்கொண்டுதான் புலிக்குப் பெயர் சூட்டினாரா என்று வழக்காட நாம் வரவில்லை. 'ஷேர்' என்ற சொல்லுக்குப் பாரசீகத்திலே சிங்கம் என்று பொருள். இங்கே வடநாட்டு வழக்கிலே புலி என்று பொருள். 'கான்' என்றால் தலைவன். புலித் தலைவன் என்ற பொருளிலே அவர் சூட்டியிருக்கலாம். நாம் கவனிக்க விரும்புவது வேறு. ஒரு மனிதன் வென்று பெற்ற பட்டப்பெயர், இன்று உலகமெங்கும் ஆங்கிலம் வழங்கும் இடமெல்லாம் ஒரு விலங்கின் பெயராகவே வழங்குகிறது. விலங்கு நிலைத்துவிட்டது, மனிதன் மறைந்துவிட்டான். அவன் செய்த வேலையோ மறையவில்லை. அது வேறு பெயர்களிலே நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது.

எங்கோ பீகாரிலே வளர்ந்து தில்லியிலே ஆண்டவனுக்கும் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் என்ன உறவு என்று தோழர்கள் கேட்கக்கூடும். சம்பள நாளன்று கையிலே வாங்குகிறீர்களே ரூபாய், அதைக் கேளுங்கள். குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா வேண்டுமென்று தாலுகா அலுவலகத்துக்கு நடக்கிறீர்களே, அந்தப் பட்டாவைக் கேளுங்கள். பூந்தமல்லிக் கடைவீதியிலே டிரங்க் ரோடு என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அந்தப் பலகையைக் கேளுங்கள். மூன்றும் அவன் கதையைச் சொல்லும்.

பெற்றோர் அவனுக்கு இட்ட பெயர் பரீத். ஆப்கானிஸ்தானத்து சூர் என்ற குலத்தைச் சேர்ந்த குடும்பம். பாட்டன் இப்ராகிம், லோடி மன்னர்கள் காலத்திலே பிழைப்புத் தேடி இந்தியாவுக்கு வந்தவர். குதிரை வாணிகம் செய்தவர் என்பார்கள். தந்தை அசன்கான், பீகாரிலே சசாராம் என்ற ஊருக்கும் சுற்றியுள்ள பகுதிக்கும் ஜாகீர்தாரானார். ஜாகீர்தார் வீட்டுப் பிள்ளை என்றதும் வெள்ளித் தட்டிலே உண்டு வளர்ந்தவன் என்று எண்ணிவிடாதீர்கள். தந்தைக்கு மனைவியர் பலர். இளையவள் பேச்சே அந்த வீட்டிலே எடுபட்டது. மூத்த மனைவியின் மகனான பரீத் மனம் கசந்து, வீட்டை விட்டு ஜான்பூர் நகருக்குப் போனான். அந்நாளிலே கல்விக்குப் பேர்போன நகரம் அது. அங்கே பாரசீகமும் இலக்கியமும் முற்கால அரசர்களின் வரலாறும் கற்றான்.

பிள்ளையின் திறமை காதுக்கு எட்டிய பிறகு, தந்தை திரும்ப அழைத்தார். இரண்டு பர்கானாக்களை, அதாவது நம் தாலுகாக்களைப் போன்ற இரண்டு வட்டாரங்களை, அவன் பொறுப்பிலே விட்டார். அங்கேதான் பரீத் ஒரு பாடம் படித்தான். உழுகிறவனுக்கும் அரசுக்கும் இடையிலே எத்தனை கைகள் இருக்கின்றன என்பதை நேரிலே கண்டான். ஊர்த்தலைவன் கை ஒன்று, வரி வசூலிப்பவன் கை ஒன்று, கணக்கெழுதுகிறவன் கை ஒன்று. விளைந்ததிலே அரசுக்குப் போவது ஒரு பங்கு என்றால், வழியிலே கரைவது இன்னொரு பங்கு. உழவன் வீட்டுக் குதிரோ காலி!

பரீத் குடிகளை அழைத்தான், நிலத்தை அளந்தான். அளந்து வரி கட்டுவதா, விளைச்சலிலே பங்கு தருவதா, எது வேண்டுமோ அதை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்று அவர்களிடமே விட்டான். அளப்பவனுக்கும் வசூலிப்பவனுக்கும் கூலி இவ்வளவுதான் என்று வரம்பு கட்டினான். ஒப்புக்கொண்டதை எழுத்திலே வைத்தான். உழவனிடம் அரசு கொடுத்த எழுத்துக்குப் பட்டா என்று பெயர். உழவன் அரசுக்கு எழுதிக் கொடுத்த ஒப்புதலுக்குக் கபூலியத் என்று பெயர். நிலத்தின் அளவு இவ்வளவு, கட்ட வேண்டியது இவ்வளவு என்று ஏழையின் கையிலே ஒரு காகிதம்! வசூலுக்கு வருகிறவன் கூடக் கேட்டால், எடுத்துக் காட்ட ஒரு காகிதம்! இதைச் செய்தபோது அவன் மன்னனல்ல, ஒரு ஜாகீர்தாரின் மகன் மட்டுமே என்பதை மறக்கலாகாது.

நன்றாக நடந்ததே என்று மகிழ்ந்தாரா தந்தை? இளைய மனைவியின் பிள்ளைகளுக்காக அந்தப் பொறுப்பையும் பறித்துக்கொண்டார். மீண்டும் வீதிக்கு வந்தான் பரீத். பீகாரை ஆண்ட பகார்கான் லோகானியிடம் வேலைக்குச் சேர்ந்தான். வேட்டையிலே தனியொருவனாய் ஒரு புலியைக் கொன்றான் என்றும், அதற்காக ஆண்டவன் தந்த பட்டமே ஷேர்கான் என்றும் அவன் வரலாறு கூறுகிறது. புலியைக் கொன்று பெற்ற பெயர், பின்னாளிலே புலிக்கே போய்ச் சேர்ந்த விந்தையைப் பாருங்கள்!

அதன்பின் அவன் ஏறிய படிகள் பல. 1527ல் பாபரின் பாளையத்திலே சேர்ந்து, மொகலாயர் படை எப்படி இயங்குகிறது என்று உடனிருந்து கற்றான். பீகாரிலே பட்டத்துக்கு வந்த சிறுவனுக்குக் காப்பாளனாகி, ஆட்சியையே கையிலே எடுத்துக்கொண்டான். சுனார் கோட்டையை ஒரு விதவையை மணந்து பெற்றான். 1534ல் சூரஜ்கட் களத்திலே வங்கப் படையை முறியடித்தான்; 1538ல் வங்கத்தின் தலைநகரையே பிடித்தான். பாபர் மகன் உமாயூன் அப்போதுதான் ஆபத்தை உணர்ந்தான். காலம் கடந்துவிட்டது.

1539 ஜூன் மாதம், கங்கைக் கரையிலே சௌசா என்ற இடத்திலே, விடியும் நேரத்தில் ஆப்கானியப் படை பாய்ந்தது. மொகலாயப் படை சிதறியது. மன்னாதி மன்னன் உமாயூன் ஆற்றிலே குதித்தான், முழுகப்போனான். அவனைக் கரை சேர்த்தது யார்? தளபதியல்ல, பிரபுவல்ல. தோல்பையிலே தண்ணீர் சுமந்து பிழைக்கும் நிசாம் என்ற ஏழைத் தொழிலாளி. காற்றடைத்த தன் தோல்பையைக் கொடுத்துக் காப்பாற்றினான். நன்றிக்காக அவனைச் சிறிது நேரம் அரியணையிலே அமர்த்தினான் உமாயூன் என்பது வரலாறு. அந்த வெற்றிக்குப் பிறகு ஷேர்கான், ஷேர்ஷா ஆனான். அடுத்த ஆண்டு, 1540 மே மாதம், கன்னோசிக்கருகே இன்னொரு போர். உமாயூன் நாட்டைவிட்டே வெளியேறினான். தில்லி ஷேர்ஷாவிடம் வந்தது.

ஆண்டதோ ஐந்தே ஆண்டுகள். ஒரு சட்டசபையின் ஆயுள்தான் அது! அந்த ஐந்தாண்டிலே அவன் செய்ததைத்தான் வரலாற்றாசிரியர்கள் இன்றும் வியக்கிறார்கள்.

சசாராமிலே இரண்டு வட்டாரங்களிலே செய்துபார்த்த நில அளவையைப் பேரரசுக்கு விரித்தான். விளைச்சலிலே மூன்றிலொரு பங்கு என்பது பெரும்பகுதியிலே அரசின் உரிமை என்று வகுத்தான். அது குறைந்த வரியல்ல. ஆனால் இவ்வளவுதான் என்று உழவனுக்கு முன்கூட்டியே தெரிந்தது. அதிகாரிகள் ஒரே இடத்திலே வேர்விட்டு விடாதபடி அடிக்கடி மாற்றினான். படை நடக்கும்போது பயிர் அழிந்தால், அழித்தவனுக்குத் தண்டனை, உழவனுக்கு இழப்பீடு. வழிப்பறி நடந்தால், அந்த எல்லைக்குட்பட்ட ஊர்த்தலைவன் கள்வனைப் பிடித்துத் தரவேண்டும், அல்லது தானே பதில் சொல்லவேண்டும். வணிகப் பொருளுக்கு எல்லையிலே ஒருமுறை, விற்குமிடத்திலே ஒருமுறை தவிர, நடுவழிச் சுங்கமெல்லாம் நீக்கினான்.

சாலைகள் அமைத்தான். வங்கத்து சோனார்கான் முதல் சிந்து நதி வரை ஒரு நெடுஞ்சாலை. அந்தத் தடம் மௌரியர் காலந்தொட்டு இருந்ததுதான். சீர்செய்து நீட்டியவன் அவன். வழிநெடுக நிழல்தரும் மரம், கிணறு. இரண்டு குரோசத் தொலைவுக்கு, அதாவது ஏறத்தாழ நாலு மைலுக்கு, ஒரு சத்திரம். எல்லாச் சாலைகளிலுமாக 1,700 சத்திரங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். இந்துக்களுக்குத் தனி இடம், முஸ்லிம்களுக்குத் தனி இடம், வருவோர்க்கெல்லாம் தண்ணீர், தங்க இடம். அந்தச் சத்திரங்களிலேயே அஞ்சல் குதிரைகள் நின்றன.

நாணயம் கண்டான். முன்பிருந்த கலப்பட நாணயங்களைத் தள்ளிவிட்டு, 178 குன்றிமணி எடை என்று நாம் சொல்லமாட்டோம், 178 கிரெய்ன் எடையிலே, அதாவது சுமார் 11.5 கிராமிலே, வெள்ளி நாணயம் அடித்தான். அதற்கு ரூபியா என்று பெயர். பாரசீக எழுத்தோடு நாகரி எழுத்திலும் தன் பெயரைப் பொறித்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அவன் குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் நாம் வரலாறு எழுதியவர்களாக மாட்டோம், புகழ்மாலை தொடுத்தவர்களாவோம். 1543ல் ரெய்சின் கோட்டையை முற்றுகையிட்டபோது, உயிருக்கு ஊறு நேராது என்ற உறுதியின்பேரிலே வெளியே வந்த பூரன்மல்லையும் அவனைச் சேர்ந்த ராஜபுத்திரர்களையும் சூழ்ந்து கொன்றது அவன் படை. அந்தக் கறை அவன் பெயரிலே இன்றுவரை இருக்கிறது. அவனைப்பற்றி நமக்குத் தெரிந்ததிலே பெரும்பகுதி, அக்பர் காலத்திலே அப்பாஸ்கான் சர்வானி என்ற ஆப்கானியர் எழுதியதிலிருந்து வருவது. தன் இனத்து வேந்தனை அவர் சற்று உயர்த்தியே எழுதியிருப்பார் என்பதையும் நினைவிலே கொள்ளவேண்டும். மன்னர்களிலே ஏழை பங்காளன் என்று எவரையும் கொண்டாட வேண்டிய தேவை நமக்கில்லை. வரி ஒழுங்காக வந்தால்தான் படை நடக்கும் என்ற கணக்கும் அவனுக்கு இருந்தது. ஆனாலும், உழவனை நசுக்கினால் கருவூலம் நிறையாது என்ற உண்மையை, எத்தனையோ மன்னர்கள் காணாததை, அவன் கண்டான்.

1545 மே மாதம் காலிஞ்சர் கோட்டை முற்றுகை. கோட்டைக்குள் எறிந்த வெடி ஒன்று மதிலிலே பட்டுத் திரும்பி, குவித்துவைத்த வெடிகளின் மேலே விழுந்தது. தீக்காயம்பட்ட ஷேர்ஷா, கோட்டை விழுந்த சேதியைக் கேட்டபின் உயிர்விட்டான். சசாராமிலே, ஏரி நடுவே, அவன் காலத்திலேயே எழுப்பத் தொடங்கிய கல்லறை மாளிகையிலே உறங்குகிறான். பத்தே ஆண்டிலே, 1555ல், உமாயூன் திரும்பி வந்து தில்லியைப் பிடித்தான். ஷேர்ஷாவின் குலம் போயிற்று. அவன் வகுத்த முறை போகவில்லை. அவனிடம் வேலை பார்த்த தோடர்மால்தான் பிற்பாடு அக்பருக்கும் நிலவரித் திட்டம் வகுத்தார்.

மொகலாயர் அவன் முறையை எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் என்ன செய்தார்கள்? அங்கேதான் நாம் தொடங்கிய பேச்சுக்கு வருகிறோம்.

ரூபாயை எடுத்துக்கொண்டார்கள். 1835ல் கிழக்கிந்தியக் கம்பெனி நாடு முழுதுக்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் செய்தது. எடை 180 கிரெய்ன். ஷேர்ஷா வைத்த எடைக்கு இரண்டே கிரெய்ன் கூடுதல். நாணயத்தின் முகத்திலே இருந்ததோ இங்கிலாந்து மன்னன் நான்காம் வில்லியத்தின் தலை! பொருள் பழையது, தலைதான் புதியது. அந்த ரூபாய் இன்று இந்தியாவிலும் பாகிஸ்தானத்திலும் இலங்கையிலும் நேபாளத்திலும் மொரீஷியசிலும் வழங்குகிறது. ஷேர்ஷாவின் முன்னோர் நாடான ஆப்கானிஸ்தானத்திலேகூட 1920ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரை ரூபாயே வழங்கிற்று.

சாலையை எடுத்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கல் பாவி, கல்கத்தாவிலிருந்து பெஷாவர் வரை செப்பனிட்டார்கள். உழைப்பும் பணமும் செலவானது உண்மை, மறுக்கவில்லை. பெயர் வைத்தபோது, 'கிராண்ட் டிரங்க் ரோடு' என்று வைத்தார்கள். மரத்துக்கு அடிமரம் எப்படியோ அப்படி நாட்டுக்கு இந்தச் சாலை என்பது பொருள். மௌரியனுமில்லை, ஷேர்ஷாவுமில்லை, கல்லுடைத்த கூலியுமில்லை. எந்த மனிதனுடைய வாடையும் இல்லாத பெயர்!

அந்தப் பெயரின் வார்ப்புத்தான் சென்னைக்கும் வந்தது. ஷேர்ஷாவின் காலடி தெற்கே படவில்லை. நம்மூர்ச் சாலைகளை அவன் போட்டான் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். வடக்கே செங்குன்றம் வழியாகப் போகும் சாலை கிராண்ட் நார்தர்ன் டிரங்க் ரோடு. தெற்கே தாம்பரம் வழியாகப் போவது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. மேற்கே பூந்தமல்லி வழியாகப் போவது கிராண்ட் வெஸ்டர்ன் டிரங்க் ரோடு. ஆங்கிலேயன் பட்டாளம் தங்கியிருந்த பூந்தமல்லிக்கு அந்தப் பெயர் வசதியாக இருந்திருக்கும். நம் மக்களுக்கு என்ன புரிந்தது? டிரங்க் என்றால் தகரப் பெட்டி; டிரங்க் என்றால் வெளியூருக்குப் பேசும் தொலைபேசி. ஜி.என்.டி., ஜி.எஸ்.டி., ஜி.டபிள்யூ.டி. என்று எழுத்துகளை மட்டும் சொல்லிப் பழகிக்கொண்டார்கள். அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் போகும் சாலையும் எம்.டி.எச். என்ற மூன்றெழுத்திலே அடங்கிற்று. மெட்ராஸ் சென்னையானபின் சி.டி.எச். ஆயிற்று. வேலை முடிந்து அந்தச் சாலையிலே சைக்கிள் மிதித்து வீடு திரும்பிய ஆயிரமாயிரம் தொழிலாளர்களுக்கு, அந்த எழுத்துகளின் விரிவைச் சொல்வார் இல்லை.

மிச்சமிருந்தது அவன் பட்டப்பெயர் ஒன்று. அது கதைப் புலிக்குப் போயிற்று. நாணயத்திலிருந்து எழுத்துப் போயிற்று, சாலையிலிருந்து பெயர் போயிற்று, பெயரிலிருந்து மனிதன் போனான். இதை யாரும் ஒரு நாள் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்திருக்கவேண்டியதில்லை. எவர் கையிலே அலுவலகமும் அச்சகமும் பள்ளிப் புத்தகமும் இருக்கின்றனவோ, அவர் மொழியிலே பிறர் பெயர்கள் இப்படித்தான் தேய்கின்றன.

இது ஏதோ பழங்கதை என்று எண்ணுவோர்க்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு, பெரியார் நூற்றாண்டையொட்டி 1979ல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலே பெரியார் ஈ.வெ.ரா. பெயர் சூட்டப்பட்டது. நாற்பதாண்டுகளுக்கு மேல் வழங்கிய அந்தப் பெயர் இருக்க, 2021 ஏப்ரலில் நெடுஞ்சாலைத் துறைப் பலகைகளிலே 'கிராண்ட் வெஸ்டர்ன் டிரங்க் ரோடு' என்ற பழைய ஆங்கிலப் பெயர் திடீரென்று முளைத்தது. கட்சிகள் கண்டித்தன, பலகையிலே கறுப்பு மை பூசப்பட்டது. ஏட்டிலே அந்தப் பெயர்தான் இருக்கிறது என்று சமாதானம் கூறப்பட்டது. ஏடு! வெள்ளையன் போனபிறகும் ஏட்டிலே அவன் வைத்த பெயர் உட்கார்ந்திருந்தது. மனிதன் பெயர் வெளியே நின்றது. பெரியாரை ஏற்பவரும் ஏற்காதவரும் ஒன்றை ஒப்புவார்கள்: அவர் இந்த மண்ணிலே வாழ்ந்த மனிதர். டிரங்க் என்பவர் இந்த மண்ணிலே வாழவில்லை!

தோழர்கள் செய்யவேண்டியது என்ன? வீட்டிலே பிள்ளை அந்தப் புலிக் கதையைப் படித்தால் தடுக்கவேண்டாம். நல்ல கதை, படிக்கட்டும். படித்து முடித்ததும், அதே பெயரிலே ஒரு மனிதன் இருந்தான் என்று சொல்லுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தைக் கையிலே கொடுத்து, இதன் பெயர் அவன் காசிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள். அவன் செய்த நன்மையோடு ரெய்சின் கறையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பட்டா என்ற சொல் நம் நாட்டுக்கு நவாபு, கம்பெனி என்று பல ஆட்சிகள் கைமாறி வந்து சேர்ந்தது. தாசில்தாரும் ஜமாபந்தியும் வந்த அதே வழி. சொல் வந்துவிட்டது. அதன் உட்பொருள், எளியவன் கையிலே அவன் உரிமையைக் காட்டும் காகிதம் என்ற உட்பொருள், எல்லார்க்கும் வந்துவிட்டதா? ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு, அதே வீட்டிலே பிள்ளை பெற்று, பேரன் பேத்தியும் கண்டபிறகும் காகிதமில்லாமல் வாழும் குடும்பங்களைத் தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள பகுதிகளிலே தோழர்கள் அறிவார்கள். ஐந்தாண்டு ஆண்ட ஒருவன், குதிரையும் ஓலையும் மட்டுமே இருந்த காலத்திலே, நிலத்தை அளந்து உழவன் கையிலே எழுத்தைக் கொடுக்க முடிந்தது. கணிப்பொறியும் செயற்கைக்கோளும் வைத்திருக்கும் அரசுகளுக்கு அது முடியாதென்று யார் சொன்னாலும் நாம் ஏற்கவேண்டியதில்லை. ஜமாபந்திக்கு மனு எழுதும்போது, அதைப் பிச்சையாக எண்ணி எழுதவேண்டாம். நானூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொள்ளப்பட்ட உரிமையைக் கேட்கிறோம் என்று தலைநிமிர்ந்து எழுதுங்கள்!